கொடைக்கு ஆறு நாள் இருந்தது

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவராக இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். என் அறைச் சுவரில் ஐந்து சான்றிதழ்கள் தொங்கின. ஒருவர் இன்னொருவரைத் தாக்கக்கூடுமா என்று முன்கூட்டியே கணிக்கும் பயிற்சிக்குக் கொடுத்தது அவற்றில் ஒன்று. அதை மட்டும் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டேன். ‘அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள்’ என்பார்கள். மிச்சம் நான்கையும் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழமொழிதான் ஞாபகம் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்கள். மனசு சரியில்லாதவன் என்றாலே வெட்டுகிறவன் என்று நினைக்கிற உலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. நான் எழுதப்போவது ஒரே ஒரு ஆளைப் பற்றி. சரியாகச் சொன்னால் அவரைப் பற்றிக்கூட இல்லை, என்னைப் பற்றி.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. ராதாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். தம்பி வேன் ஓட்டுகிறவர். வள்ளியூரில் பஸ் மாறி, ஜன்னலோரத்தை அண்ணனுக்குக் கொடுத்து, அண்ணனுடைய துண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்த தம்பி. அண்ணன் மனைவி மஞ்சள்காமாலையில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறார் என்று தம்பி சொன்னார். எனக்கு அது மூன்றாவது சந்திப்பு. முதல் இரண்டு முறையும் அண்ணன் வாயே திறக்கவில்லை. இந்த முறை தம்பியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவர் தானாகவே ஆரம்பித்தார்.

“எம் பொண்டாட்டி சீக்குல சாகல சார். கிணத்துல மருந்தக் கலக்கிட்டான்.”

“யாரு?”

“வெளிய உக்காந்திருக்கான்லா, அவந்தான்.”

“ஒரே கிணறுதான? அவரும் அந்தத் தண்ணியத்தான குடிக்காரு?”

“அவனுக்கு மாத்து மருந்து தெரியும்.”

இந்த மாதிரி நம்பிக்கைகளை வாதாடி அசைக்க முடியாது. முடிந்திருந்தால் என் தொழிலே தேவைப்படாது. அதனால், என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைக் காட்டினார். மஞ்சள் நனைத்த கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள்.

“கையில காப்பு கெடக்கு. இப்பம் ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். சாமி பாத்துக்கிட்டு இருக்கு. கொடை முடியட்டும். முடிஞ்ச மறுநா அவன் இருக்க மாட்டான்.”

“எத வச்சி?”

“சாமி அருவாளத் தொடக் கூடாது சார். வீட்டு அருவாளத் தீட்டி வச்சிருக்கேன்.”

கோபம் இல்லை, குரல் உயரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அவருடைய குடும்பக் கோயிலில் அவர்தான் சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவர். முந்தின நாள் வெள்ளிக்கிழமை பந்தலுக்குக் கால்நாட்டு முடிந்து கையில் காப்புக் கட்டியிருக்கிறார்கள். எட்டாம் நாள் கொடை, சாமிக்கு வருடத்துக்கொரு திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் அந்த எட்டு நாளும் ஒருவேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை, ஊர் எல்லை தாண்டி வேலை இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். சண்டை கூடாது, ரத்தம் பார்க்கக் கூடாது. பாளையங்கோட்டை வரை வந்ததே கோயில் பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் என்றார்.

என் அம்மா பிறந்த வீட்டிலும் இதே சாமிக்குக் கொடை உண்டு. என் மாமாவுக்குக் காப்புக் கட்டிய நாட்களில் யாராவது அவர் காலை மிதித்தால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். மற்ற நாளில் அந்த மனிதர் முன்னால் நிற்க முடியாது. எனவே அந்தக் கயிற்றுக்கு என்ன பலம் என்று எனக்குத் தெரியும். சென்னையில் படித்தபோது என் பேராசிரியர்களுக்கு இது தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால், ‘நம்ம ஊரில் வைத்தியம் பார்க்கிறவனுக்குக் கொடை எந்த மாதம், விரதம் எத்தனை நாள் என்று தெரிந்திருக்க வேண்டும்’ என்று நீட்டி முழக்குவேன். கைதட்டுவார்கள்.

பயிற்சியில் ஒரு பட்டியல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குறிப்பிட்ட ஒரு ஆளைச் சொல்கிறாரா? சொன்னார். எப்போது என்று சொல்கிறாரா? சொன்னார். ஆயுதம் கைக்கு எட்டுகிறதா? எட்டுகிறது. அந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? நடுச்சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கம் அண்ணன் வீடு, அந்தப் பக்கம் தம்பி வீடு. நான்கு கேள்விக்கும் ‘ஆம்’ போட்டேன். கடைசிக் கட்டத்தில் என் கைப்பட எழுதினேன்: ‘கையில் காப்பு. வெள்ளி வரை ஆபத்து குறைவு.’

அந்த வரியை எழுதும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. வேறு எந்த டாக்டருக்கு இது எழுதத் தெரியும் என்ற சந்தோஷம். அதை நினைத்தால் இப்போது வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதே சட்டத்தில் ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால், அதைத் தடுக்கத் தேவைப்படுகிற அளவுக்குச் சொல்லலாம். போலீசுக்குச் சொல்லலாம், ஆபத்தில் இருப்பவரிடமே சொல்லலாம். அந்தக் கதவு எனக்குத் தெரியாததல்ல. மாணவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்று நான் என்ன யோசித்தேன் என்றால், தம்பியிடம் சொன்னால் தம்பி பயந்துவிடுவார், அண்ணனை விட்டு ஒதுங்கிவிடுவார், அப்புறம் இந்த மனிதரை யார் பஸ் ஏற்றிக் கூட்டிவருவார்கள்? ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றால் அவர் சம்மதிக்க மாட்டார். சம்மதமில்லாமல் சேர்க்க வீட்டில் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் என்றால் அதுவும் தம்பிதான். அவரிடம் காரணம் சொல்லாமல் கையெழுத்து வாங்க முடியாது. கொடைக்கு ஆறு நாள் இருக்கிறது. மாத்திரையைக் கூட்டிப் பார்ப்போம். கொடைக்கு முந்தின நாள் வியாழக்கிழமை வரச்சொல்லுவோம். மாறவில்லையென்றால் அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். எழுதிப் பார்த்தால் இப்போதும் நல்ல காரணங்களாகத்தான் தெரிகின்றன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. கதவைத் திறந்து, பெஞ்சில் இருக்கிற ஒரு மனிதனிடம், ‘உன் அண்ணன் உன்னைக் கொல்லப்போகிறார்’ என்று சொல்வது சங்கடமான வேலை. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். எனக்குப் பசித்தது.

கதவைத் திறந்தேன். தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அண்ணனுடைய துண்டை மடித்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து வந்தார்.

“அண்ணனுக்கு எப்படி சார் இருக்கு? ஏதும் பேசுச்சா?”

“பேசினாரு. மாத்திரை கூட்டியிருக்கேன். நேரந்தவறாமக் குடுங்க.”

“விரதத்துல மாத்திரை சாப்பிடலாமா சார்? வேண்டாங்குது.”

“சாப்பிடலாம். மாத்திரை சாப்பாட்டுல சேராது. நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்க. வியாழக்கிழம கட்டாயம் கூட்டிட்டு வாங்க.”

“சரி சார்.”

“போவமாலே?” என்றார் அண்ணன். எப்போதும் தம்பியைக் கூப்பிடுகிற குரல்தான் அது. இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

கிணற்றில் விஷம் கலந்தவன் என்று ஒரு மனிதர் நம்புகிற ஆளின் கையில் மாத்திரையைக் கொடுத்து, ‘நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்க’ என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்த மடத்தனம் அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. செம்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை இரண்டு நாளும் நான் அவர்களை ஒருமுறைகூட நினைக்கவில்லை. புதன்கிழமை காலையில் பேப்பரில் நான்கு வரி வந்திருந்தது. வேன் டிரைவருக்கு வெட்டு, அண்ணன் கைது, முன்விரோதம் என்று போலீசார் விசாரணை. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தேன். யாராகவோ இருக்கும் என்று ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

மறுநாள் விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. சொல்லித்தான் முழுவதும் தெரிந்தது.

“கொடையே நின்னுபோச்சு சார். திங்கக்கெழம பங்காளி ஒருத்தரு, வயசாளி, தவறிட்டாரு. துட்டி விழுந்தப்புறம் கொடை எங்க நடத்த? செவ்வாக்கெழமக் காலைல கோயில்ல வச்சுக் காப்ப அவுத்துட்டாங்க. மத்தியானம் தம்பிக்காரன் வீட்டுப் படியில உக்காந்து மாத்திரையப் பிச்சுக்கிட்டு இருந்திருக்கான். அண்ணன் பின்னால இருந்து வந்து வெட்டிட்டான். கழுத்துக்குப் போட்ட வெட்டு, தோள்ல எறங்கிருச்சு. பொழச்சுக்கிடுவான்ங்காங்க. வலதுகை கஷ்டம்.”

பங்காளி வீட்டில் துட்டி விழுந்தால் கொடை தள்ளிப்போகும், காப்பை அவிழ்த்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். என் மாமாவுக்கே ஒரு வருடம் அப்படி அவிழ்த்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடி மாதம், முப்பது நாற்பது தலைக்கட்டு உள்ள பங்காளிக் கூட்டம். அதில் ஒரு வயசாளி சாவது என்ன அதிசயமா? பட்டணத்து டாக்டர் ஒருவர் என் நாற்காலியில் இருந்திருந்தால், அவருக்குக் காப்பு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. நான்கு ‘ஆம்’ பார்த்ததும் பதறிப்போய்ப் போனை எடுத்திருப்பார். நான் விஷயம் தெரிந்தவன், அதனால் எடுக்கவில்லை.

எஸ்.ஐ. என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். நிஜமாகவே நோய் உண்டா, நடிக்கிறானா? எத்தனை நாளாக வைத்தியம்? நோய் உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் முன்கூட்டியே ஏதாவது சொன்னானா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோப்பு என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. அவர் போகிற வரை முழங்கையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் கோப்பை இரண்டு தடவை படித்தார்.

“சட்டம் உம்மைச் சொல்ல விடுதுவே. சொல்லியே தீரணும்னு கழுத்தப் பிடிக்கல. கவனக்கொறவுன்னு கேஸ் போட்டா, நீரு யோசிச்சிருக்கீரு, எழுதிவச்சிருக்கீரு, மறுபடி வரச்சொல்லி நாளும் குறிச்சிருக்கீரு. நிக்காது. கோர்ட்டுல கேட்டா உள்ளதக் காட்டும். கேக்காட்டி, சும்மா இரும்.”

“இந்தக் காப்பு விஷயத்த எழுதியிருக்கேனே.”

“அதுதான்வே உம்மக் காப்பாத்தும். ஊர் வழக்கம் தெரிஞ்சு முடிவெடுத்திருக்கீருன்னு ஆகும்.”

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்குத்தான் வாயில் கசந்தது. சட்டத்தின் முன்னால் தப்பித்துவிடுவேன் என்று தெரிந்ததும், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

தம்பி கிடந்த ஆஸ்பத்திரி என் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு முறை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு முறையும் வாசலோடு திரும்பினேன். பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். “புண்ணியமாப் போவும்யா” என்று வாழ்த்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வக்கீல் சொன்னபடி சும்மா இருந்தேன். கோர்ட்டிலிருந்தும் நோய்ச் சான்றிதழை மட்டும்தான் கேட்டார்கள். ஆனால் வேலை பார்க்கிற விதம் மாறிப்போயிற்று. யாராவது வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி முகம் மாறிப் பேசினாலே போதும், கதவைத் திறந்து அந்த ஆளை உள்ளே கூப்பிட ஆரம்பித்தேன். ஒருமுறை அது தப்பாகவும் போயிற்று. மாமியார் மீது எரிச்சலில் ஏதோ சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி அவள் கணவனிடம் சொல்லி வைத்தேன். அவள் பாவம், புலம்பத்தான் வந்திருக்கிறாள். ‘உங்கள நம்பித்தான சார் சொன்னேன்’ என்று அழுதுவிட்டுப் போனவள், அப்புறம் வரவே இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயைப் பொத்தினேன், பொத்த வேண்டிய இடத்தில் திறந்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனுக்கு எந்த மாட்டின் வால் என்றும் தெரிவதில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், தம்பி வந்தார்.

வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும்தான் உள்ளே வந்தார். வலது கை தோளிலிருந்து தொங்கியது, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணனுக்குத்தான் சார் வந்தேன். ஜெயில்ல மாத்திர குடுக்காவ. முன்னால என்ன சாப்பிட்டாருன்னு சீட்டு வேணுமாம். வீட்டுல உள்ளது அன்னைக்கி ரத்தத்துல நனஞ்சுபோச்சு.”

“நீங்க போய்ப் பாக்கியளா?”

“மாசம் ரெண்டு தடவ. இப்பம் கொஞ்சம் தெளிவா இருக்கு. எங் கையப் பாத்துப் பாத்து அழுது.”

வேன் ஓட்ட முடியாது என்றும், மனைவி ஒரு கடையில் வேலைக்குப் போகிறார் என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அலமாரியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தேன். மாத்திரைப் பெயர்களை மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பக்கத்தைத் திருப்பியதும் என் கையெழுத்துத் தெரிந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “அன்னைக்கு வந்தியள்லா, சனிக்கிழம. அப்பமே எங்கிட்டச் சொன்னாரு. உங்களத்தான்னு சொன்னாரு. கொடை முடிஞ்ச மறுநாள்னு சொன்னாரு. நான் உங்ககிட்டச் சொல்லல.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

“கொடை முடிஞ்ச மறுநாள்னா சொன்னாரு?”

“ஆமா.”

“துட்டி விழுந்தா காப்ப அவுத்திருவாங்கன்னு தெரியாதா சார்? நீங்க நம்ம ஊர்ப் பக்கந்தான?”

“தெரியும்.”

தலையை ஆட்டினார். “பெறவு ஏன் சொல்லல?” என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சொன்னா, பயந்துபோயி அவர விட்டுருவியன்னு நெனச்சேன்.”

“யாரு, நானா?” என்றார். முதல்முறையாக அவர் முகம் கோணியது. “ஒரு வயித்துல பொறந்தவன் சார். அவருக்கு வேற யாரு இருக்கா? நீங்க சொல்லிருந்தாலும் நாந்தான் பஸ்ஸுல கூட்டிட்டு வந்திருப்பேன். மாத்திரைய நாந்தான் குடுத்திருப்பேன். அருவாள எடுத்து ஒளிச்சு வச்சிருப்பேன். முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்க மாட்டேன். அவ்வளவுதான சார்?”

அவ்வளவுதான். நான் செய்ய வேண்டியிருந்தது மொத்தமே அவ்வளவுதான்.

“நல்லா வெளங்குற மாதிரி எழுதுங்க சார். அங்கன உள்ளவங்களுக்குப் புரியணும்,” என்றார். பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். ஒரு வார்த்தை தப்பாகி, வேறு தாள் எடுத்து மறுபடி எழுதினேன். இடது கையால் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் அதை மடிக்க வரவில்லை. தாள் நழுவியது. எட்டி வாங்கப்போனேன்.

“இருக்கட்டும். நான் மடிச்சிக்கிடுதேன்,” என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். அவர் தாளை என் மேசை மேல் வைத்து, தொங்கிய கையை இடது கையால் தூக்கி அதன் மேல் பாரமாகப் போட்டு, பைய நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.